புனிதக் கரையின் மேட்டுச் சாலை

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் கலீசியா என்னும் பகுதி உள்ளது. அங்கு வழங்கும் பழமொழி ஒன்று இரண்டு ஆறுகளைப் பற்றிப் பேசுகிறது. சில் ஆறு தண்ணீரைக் கொண்டுவருகிறதாம். மின்யோ ஆறு பெயரைத் தட்டிக்கொண்டு போகிறதாம். ஓஸ் பெயாரெஸ் என்ற சிற்றூரின் அருகே சில் ஆறு மின்யோவோடு கலக்கிறது. அதன்பின் சில் என்ற பெயரே மறைந்துவிடுகிறது. மின்யோ என்னும் பெயரோடுதான் அந்த வெள்ளம் போர்த்துக்கல் நாட்டின் எல்லையைத் தொட்டு அட்லாண்டிக் பெருங்கடலில் விழுகிறது. சுமந்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் வேறொருவன் என்று சொல்ல விரும்பும் போதெல்லாம் அந்த ஊர் மக்கள் தங்கள் ஆறுகளை எடுத்துக்காட்டுவர்.

இந்த இரு ஆறுகளும் கூடுமிடத்தை அடுத்த நிலப்பகுதிக்கு ரிபெய்ரா சாக்ரா என்று பெயர். புனிதக் கரை என்பது அதன் பொருள். வடகரை லூகோ மாவட்டத்தையும் தென்கரை ஓரென்சே மாவட்டத்தையும் சேர்ந்தவை. சில் ஆறு இங்கே கருங்கற் பாறைகளை அறுத்துக்கொண்டு ஆழமான மலையிடுக்கில் ஓடுகிறது. சில இடங்களில் ஆற்று மட்டத்திற்கும் மேட்டுநிலத்திற்கும் இடையே ஏறத்தாழ 500 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. சாலைகள் கொண்டை ஊசி வளைவுகளாய் மடிந்து மடிந்து இறங்குகின்றன. பாலத்தைக் கடந்ததும் மறுகரையில் மீண்டும் மடிந்து மடிந்து ஏறுகின்றன. இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் மிதிவண்டி ஓட்டுவோர் இச்சாலைகளைத் தேடி வருகின்றனர். மூச்சு வாங்க மிதித்து ஏறுபவர் ஒவ்வொரு வளைவிலும் பழைய மடம் ஒன்றையோ, கைவிடப்பட்ட திராட்சைப் படி ஒன்றையோ, சிறு பங்குக் கோவில் ஒன்றையோ கடந்து செல்கிறார். அந்த மேட்டின் வரலாறு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் நீண்டது. கத்தோலிக்கப் பொதுநிலையினராகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று அதனுள் பொதிந்து கிடக்கிறது.

பாறையில் தொடங்கிய செபம்

இப்பகுதியின் பெயரைக் குறித்தே அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1124-ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நிலத்தை ஆண்ட தெரேசா அரசி, மொந்தெதெர்ராமோ மடத்திற்கு வழங்கிய சாசனத்தில்தான் அப்பெயர் முதன்முதலாகத் தென்படுகிறது. அதைப் புனிதக் கரை என்று படிப்போர் ஒரு சாரார். அச்சொல் ஓக் மரக்காட்டையே குறிக்கிறது என்றும், புனிதச் சோலை என்பதே சரியான பொருள் என்றும் கூறுவோர் மற்றொரு சாரார். கரையாயினும் சோலையாயினும், அங்கே ஏதோ ஒரு தூய்மை குடிகொண்டிருப்பதாக அன்றே மக்கள் உணர்ந்திருந்தனர் என்பது மட்டும் தெளிவு.

அந்த உணர்வுக்குக் காரணமானவர்கள் வனத்துறவியர். எஸ்கோஸ் ஊருக்கு அருகே மலைப்பாறையைக் குடைந்து எழுப்பிய கோவில் ஒன்று உள்ளது. சான் பெத்ரோ தெ ரோக்காஸ் என்பது அதன் பெயர். பாறைகளின் இராயப்பர் கோவில் என்று நாம் அதனைத் தமிழாக்கலாம். பாறை என்று ஆண்டவரால் பெயரிடப்பட்ட திருத்தூதருக்குப் பாறைக்குள்ளேயே ஆலயம் அமைந்தது பொருத்தமே. இங்குக் கிடைத்த கல்வெட்டு ஒன்று 573-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. அங்கு வாழ்ந்த துறவியர் சிலரின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. கோவிலுக்குள் மூன்று சிற்றாலயங்கள் பாறையிலேயே செதுக்கப்பட்டவை. தரையிலும் பாறையைக் குடைந்து கல்லறைகள் அமைத்திருக்கிறார்கள். மணிக்கூண்டும் தனித்து நிற்கும் பாறையின் மேல் கட்டப்பட்டதே.

ஏன் இந்த மலையிடுக்கை அவர்கள் தேர்ந்தனர்? வருவதற்கு வழியில்லாத இடம் என்பதே காரணம். எகிப்தின் துறவியர்க்குப் பாலைவனம் எப்படியோ, கலீசியாவின் துறவியர்க்கு இந்தச் செங்குத்தான சரிவுகள் அப்படி. உலகம் எளிதில் ஏறிவர முடியாத இடத்தில் அவர்கள் அமைதியைக் கண்டனர். இன்று மிதிவண்டி வீரரின் கால்களைச் சோதிக்கும் அந்த மேடு, அன்று செபத்தின் வேலியாய் இருந்தது.

தனித்து வாழ்ந்த துறவியர் காலப்போக்கில் குழுமங்களாக ஒன்றுசேர்ந்தனர். பின்னர்ப் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை ஏற்றனர். அவ்வாறு வளர்ந்த மடங்களுள் தலையாயது சாந்தோ எஸ்தேவோ தெ ரிபாஸ் தெ சில். நம் முன்னோர் வழக்கில் சொன்னால் சில் கரையின் முடியப்பர் மடம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராங்கிலா என்ற மடாதிபதி, இரண்டாம் ஒர்தோன்யோ மன்னனின் ஆதரவோடு அதனைப் புதுப்பித்தார். அந்நூற்றாண்டில்தான் ஒன்பது ஆயர்கள் தங்கள் மறைமாவட்டங்களின் பொறுப்பைத் துறந்து இம்மடத்திற்கு வந்து, செபத்தில் வாழ்ந்து, இங்கேயே அடக்கம் செய்யப்பட்டனர் என்பது மரபு. ஓரென்சே ஆயர் அன்சூரியோ அவர்களுள் ஒருவர். மடத்தின் சின்னத்தில் ஒன்பது ஆயர் முடிகள் இன்றும் காணப்படுகின்றன. மடத்தின் மூன்று முற்றங்களுள் பழமையானதற்கும் ஆயர்களின் முற்றம் என்றே பெயர்.

மறுகரையும் சரிவுகளும் இவ்வாறே நிறைந்தன. செஸ்ட்நட் மரக்காட்டினுள் ஒளிந்திருப்பது கிறிஸ்தினம்மாள் மடம். மேட்டுநிலத்தில் சிஸ்டெர்சியன் துறவியரின் மொந்தெதெர்ராமோ மடம் எழுந்தது. வடகரையில் பெரெய்ரா தெ பந்தோன் ஊரில் 1175 முதல் சிஸ்டெர்சியன் அருட்சகோதரியர் வாழலாயினர். மணியோசை ஒரு கரையில் எழுந்தால் மறுகரையில் எதிரொலிக்கும் அளவுக்கு மடங்கள் நெருங்கி அமைந்தன.

படிகளைக் கட்டிய கைகள்

மடங்களைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் பலரும் மடாதிபதிகளின் பெயர்களை வரிசைப்படுத்துவர். ஆனால் அம்மலையிடுக்கில் நிற்பவரின் கண்ணில் முதலில் படுவது மடம் அன்று, திராட்சைப் படிகளே. வெயில் நேராக விழும் வடகரைச் சரிவுகளில், ஆற்றின் விளிம்பிலிருந்து வானத்தின் விளிம்புவரை, சுண்ணாம்போ மண்கலவையோ இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். ஒவ்வொரு சுவருக்குப் பின்னும் ஒன்றிரண்டு வரிசைக் கொடிகளுக்கு மட்டுமே இடம் தரும் ஒரு துண்டு மண். ஏர் பூட்ட வழியில்லை. வண்டி செல்ல இடமில்லை. பழுத்த திராட்சையைக் கூடையில் நிரப்பித் தோளில் சுமந்து மேலேற்ற வேண்டும், அல்லது கீழே இறக்கிப் படகில் ஏற்ற வேண்டும். இத்தகைய பயிர்த்தொழிலை வீரத் திராட்சைச் சாகுபடி என்று ஐரோப்பாவில் இன்று அழைக்கின்றனர். அமாந்தி ஊரின் திராட்சை இரசம் உரோமைப் பேரரசர்களின் பந்திக்குச் சென்றது என்பது அவ்வூராரின் பெருமிதக் கதை.

திருப்பலிக்குத் திராட்சை இரசம் வேண்டும். மடத்தின் உணவுக்கும் விருந்தோம்பலுக்கும் வேண்டும். எனவே மடங்கள் இச்சாகுபடியைப் பேணி வளர்த்தன. ஆயினும் சரிவில் கல்லடுக்கியவர்களில் பெரும்பாலோர் குடியானவர்களே. மடத்தின் நிலத்தை ஒரு குடும்பம் பல தலைமுறைகளுக்குக் குத்தகையாகப் பெற்று, விளைவில் ஒரு பங்கை ஆண்டுதோறும் செலுத்தும் முறை அங்கு நிலவியது. போரோ என்பது அதன் பெயர். அந்தக் குத்தகை சில காலங்களில் தாங்கக்கூடியதாகவும், சில காலங்களில் பெருஞ்சுமையாகவும் இருந்தது. துறவியரின் புனிதத்தைப் போற்றுகிற நாம், அவர்களின் பந்தியில் இருந்த இரசம் யாருடைய முதுகில் ஏறி வந்தது என்பதையும் மறக்கலாகாது. மன்றாட்டும் உழைப்பும் ஒன்றே என்பது ஆசீர்வாதப்பரின் குடும்பம் உலகிற்குத் தந்த பாடம். அப்பாடத்தின் இரண்டாம் பாதியை இங்கே எழுதியவர்கள் பெயரில்லாத இல்லறத்தார். சில் ஆற்றைப் போல, தண்ணீரைச் சுமந்தவர்கள் அவர்கள்.

மணிகள் ஓய்ந்த ஆண்டு

பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புயலின் முதற்காற்று வீசத் தொடங்கியது. இப்பகுதியின் முதன்மை நகரான மொன்போர்த்தே தெ லேமோஸில் கர்தினால் ரொத்ரீகோ தெ காஸ்த்ரோ நிறுவிய பெருங்கல்லூரி ஒன்று இருந்தது; இயேசு சபையினர் அதனை நடத்தி வந்தனர். 1767-இல் மூன்றாம் கார்லோஸ் மன்னன் ஸ்பெயினிலிருந்து இயேசு சபையினர் அனைவரையும் வெளியேற்றியபோது அக்கல்லூரியும் அவர்களை இழந்தது. போர்த்துக்கல் 1759-இலேயே அவர்களைத் துரத்தியிருந்தது. இவ்வரசுகளின் நெருக்குதலால் 1773-இல் பதினான்காம் கிளமெண்ட் திருத்தந்தை இயேசு சபையையே கலைத்தார். அந்தக் கலைப்பின் அதிர்ச்சி தமிழ் மண்ணையும் தாக்கிற்று. மதுரை மிஷன் தன் குருக்களை இழந்து தவித்ததும், 1838-இல்தான் இயேசு சபையினர் மீண்டும் வந்ததும் நாம் அறிந்ததே. மொன்போர்த்தேயில் மூடிய கதவும், நம் மறவ நாட்டுச் சிற்றூர்களில் வராமற்போன குருவும் ஒரே புயலின் இரு விளைவுகள்.

ஸ்பெயினில் அப்புயல் முழு வேகம் கொண்டது 1835-இல். நாட்டில் உள்நாட்டுப் போர், கருவூலம் காலி. மெந்திசாபல் என்ற அமைச்சர் துறவற மடங்களை மூடவும், அவற்றின் நிலங்களை ஏலம் விட்டு அரசின் கடனை அடைக்கவும் ஆணைகள் பிறப்பித்தார். 1836-இல் விற்பனை தொடங்கியது. சில் கரையில் ஆயிரம் ஆண்டுகளாய் ஒலித்த நள்ளிரவுச் செபத்தின் மணி ஓய்ந்தது. ஏழைக் குடியானவருக்கு நிலம் கிடைக்கும் என்ற பேச்சு பேச்சாகவே நின்றது. ஏலத்தில் வாங்கும் வல்லமை பெற்றவர்கள் நகரத்துச் செல்வர்களே. குடியானவர் முன்பு மடத்திற்குச் செலுத்திய குத்தகையை அதன்பின் புதிய உடைமையாளருக்குச் செலுத்தினர். அந்தக் குத்தகை முறை 1926-இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மடங்களுக்கு என்ன நேர்ந்தது? இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. கிறிஸ்தினம்மாள் மடம் தனியார் கைக்குப் போய்ப் பண்ணைக் கட்டடமாயிற்று. மொந்தெதெர்ராமோவின் முற்றங்கள் துண்டு துண்டாய் விற்கப்பட்டன. முடியப்பர் மடத்தின் உறைவிடங்கள் கூரை இழந்து கொடி படர்ந்தன. ஆனால் மொந்தெதெர்ராமோவின் கோவிலும் முடியப்பர் கோவிலும் அழியவில்லை. காரணம் எளியது. அவை பங்குக் கோவில்களாயின. அவ்வூர் மக்கள் அங்கே தங்கள் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தனர், திருமணம் செய்வித்தனர், இறந்தோரை அடக்கம் செய்தனர். ஒழுகிய கூரையை அவர்கள் மாற்றினர். அணைந்த விளக்கை அவர்கள் ஏற்றினர். துறவியர் கட்டியதை இல்லறத்தார் காத்தனர்.

இதற்கு அழகிய சான்று ஒன்று அண்மையில் கிடைத்தது. 2020-இல் முடியப்பர் கோவிலில் சீரமைப்புப் பணி நடந்தபோது, திருப்பண்டங்களுக்கிடையே ஒரு சிறு துணிப்பையில் நான்கு மோதிரங்கள் காணப்பட்டன. அவை ஒன்பது ஆயர்களுக்குரியவை என்று உடனிருந்த குறிப்பு தெரிவித்தது. ஏலத்தாலும் கொள்ளையாலும் எத்தனையோ செல்வங்கள் சிதறிய அந்த நூற்றாண்டுகளில், அச்சிறு பை தப்பியிருக்கிறது. பங்கு மக்கள் செபிக்க வந்துபோகும் கோவிலுக்குள் அது இருந்ததே அதற்குக் காப்பாயிற்று எனலாம்.

சாணைச் சக்கரம்

முடியப்பர் மடம் அமைந்துள்ள வட்டாரத்திற்கு நொகெய்ரா தெ ரமுயின் என்று பெயர். லுயின்த்ரா அதன் தலைமை ஊர். துறவியரைக் காத்த அந்த மேட்டுநிலம் குடியானவரை வாழவைக்கவில்லை. நிலம் சிறிது, பிள்ளைகள் அதிகம். எனவே இவ்வூர் ஆண்கள் பல தலைமுறைகளாய் ஒரே தொழிலை மேற்கொண்டு ஊர் ஊராய்ச் சென்றனர். அது கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் சாணை பிடிக்கும் தொழில். குடை பழுதுபார்த்தலும் அதனோடு சேர்ந்த துணைத்தொழில். சாணையில் பறக்கும் பொறியை வைத்து, ஓரென்சே மாவட்டத்திற்கே தீப்பொறியின் நாடு என்ற செல்லப்பெயர் உண்டு.

அவர்களது கருவி வியப்புக்குரியது. மரச்சட்டத்தில் பொருத்திய ஒரே பெரிய சக்கரம். நடக்கும்போது அதனைத் தரையில் உருட்டித் தள்ளிக்கொண்டு போவார்கள். வேலை கிடைத்ததும் சட்டத்தை நிமிர்த்தி நிறுத்தி, காலால் மிதித்து அதே சக்கரத்தைச் சுழற்றுவார்கள். வாரின் வழியே சாணைக்கல் சுழலும். வழிநடையும் வயிற்றுப்பிழைப்பும் ஒரே சக்கரத்தில். வருகையை அறிவிக்க மரத்தாலான சிறு குழல் ஒன்றை ஊதுவர். தாழ்ந்த சுரத்திலிருந்து உச்சிக்கும், உச்சியிலிருந்து தாழ்விற்கும் ஓடும் அந்த இசையைக் கேட்டதும் வீட்டுப் பெண்கள் கத்திகளை எடுத்து வருவர். தங்களுக்குள் பேசிக்கொள்ள பரல்லெத்தே என்றொரு மறைமொழியையும் அவர்கள் வளர்த்தனர். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களும் தொழில் பழகத் தந்தையோடும் தலைவனோடும் புறப்பட்டனர். ஸ்பெயின் முழுவதும், போர்த்துக்கல், பிரான்சு நாடுகளிலும், கடல் கடந்து புவெனோஸ் அயர்ஸ், ஹவானா நகர்களிலும் அந்தக் குழலோசை கேட்டது.

இருபதாம் நூற்றாண்டில் மிதிவண்டி மலிவானபோது சாணைக்காரர் அதனைத் தழுவிக்கொண்டனர். மரச்சக்கரத்தின் இடத்தில் மிதிவண்டி வந்தது. பின்சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி நிறுத்தி மிதித்தால் சாணை சுழலும். நிறுத்தியை எடுத்துவிட்டால் அடுத்த ஊருக்குப் பயணம். லுயின்த்ராவின் மேட்டில் ஏறிய முதல் மிதிவண்டிகள் எவை என்று யாரும் குறித்துவைக்கவில்லை. ஆனால் அந்த மேட்டை மிதிவண்டியோடு மல்லுக்கட்டி ஏறியவர்களில், மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருந்து கொஞ்சம் காசோடு திரும்பிய தந்தையர் இருந்தனர். அவர்களுக்கு யாரும் வழியோரத்தில் நின்று கைதட்டவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்னும் பூச்சி இப்பகுதியின் தோட்டங்களையும் அழித்தது. அமெரிக்கக் கண்டத்திற்குக் கப்பலேறியோர் தொகை பெருகிற்று. அர்ஜென்டினாவில் ஸ்பானியர் எவரையும் கலீசியர் என்றே அழைக்கும் வழக்கம் உண்டாகும் அளவுக்கு அவர்கள் சென்றனர். 1950-களில் மின்சாரத்திற்காகச் சில் ஆற்றிலும் மின்யோவிலும் பெரும் அணைகள் எழுந்தன. நீர்மட்டம் உயர்ந்து, ஆற்றோரத்தின் செழிப்பான கீழ்ப்படித் தோட்டங்களை விழுங்கிற்று. மின்யோவில் 1963-இல் பெலெசார் அணை நிரம்பியபோது, சந்தியாகப்பர் திருயாத்திரை வழியிலுள்ள பழைய பொர்த்தொமரின் ஊரே மூழ்கியது. அவ்வூரார் தங்கள் கோவிலின் கற்களுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றாய்ப் பெயர்த்தெடுத்து, மேட்டில் மீண்டும் எழுப்பிக்கொண்டனர். மலையிடுக்கில் விளைந்த மின்னொளி தொலைதூர நகரங்களுக்குச் சென்றது. இளைஞர்களும் அதே திசையில் சென்றனர். இங்கும் பழமொழி பொய்க்கவில்லை.

பந்தயம் வந்த நாள்

ஸ்பெயினைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பந்தயத்திற்கு வுவெல்த்தா என்று பெயர். 1935-இல் ஒரு மத்ரித் செய்தித்தாளின் முயற்சியால் அது தொடங்கிற்று. ஐம்பது வீரர்கள், பதினான்கு கட்டங்கள். பெல்ஜிய நாட்டின் குஸ்தாப் தெலூர் முதல் வெற்றியாளர். மறு ஆண்டு இரண்டாம் பந்தயம் முடிந்த சில வாரங்களில் உள்நாட்டுப் போர் வெடித்தது. சாலைகளில் மிதிவண்டிகளுக்குப் பதில் படைகள் ஓடின. போருக்குப் பின் வறுமையின் நடுவே பந்தயம் மீண்டும் உயிர்பெற்றது. 1945-இல் தெலியோ ரொத்ரீகெஸ், 1950-இல் அவர் தம்பி எமிலியோ, 1986-இல் ஆல்வரோ பீனோ என்று கலீசியாவின் பொந்தேயாரெயாஸ் ஊர் வீரர்களே மூன்று முறை மகுடம் சூடினர். ஸ்பெயினின் சென்ற தலைமுறை மிதிவண்டி வீரர்களில் பலர் ஏழைக் குடும்பத்தினர். பிரெஞ்சுப் பந்தயத்தில் வென்ற முதல் ஸ்பானியரான பாஹமோந்தெஸ் இளமையில் தொலேதோ வட்டாரத்தில் மிதிவண்டியில் காய்கறி சுமந்து விற்றவர்.

திருச்சபையும் இவ்விளையாட்டைத் தன் ஆசிக்குப் புறம்பாக வைக்கவில்லை. இத்தாலியில் கிசல்லோ மலையுச்சியின் அன்னை மரியாவை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக 1949-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். ஸ்பானிய வீரர்கள் தொர்லேத்தா அன்னையைத் தங்கள் பாதுகாவலியாகக் கொண்டாடுகின்றனர். ஓட்டப்பந்தயத்தை விசுவாச வாழ்வுக்கு உவமையாக்கிய புனித சின்னப்பரின் வழியில், மேடேறும் உழைப்பிலும் திருச்சபை ஒரு செபத்தைக் கண்டது.

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-இல் வுவெல்த்தாவின் ஒரு கட்டம் மொன்போர்த்தேயில் தொடங்கி, லுயின்த்ராவில் முடிந்தது. இங்கிலாந்தின் சைமன் யேட்ஸ் வென்றார். 2018 செப்டம்பர் 5-இல் இரண்டாம் முறையாகப் பந்தயம் லுயின்த்ராவுக்கு வந்தது. 200 கிலோமீட்டருக்கு மேல் மலைநாட்டைக் கடந்த அந்நீண்ட கட்டத்தில் இத்தாலியின் அலெஸ்ஸாந்த்ரோ தெ மார்க்கி முதலில் வந்தார். சாணைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மனிதர் புறப்பட்டுச் சென்ற ஊருக்கு, உலகின் விரைவான சக்கரங்கள் வந்துசேர்ந்தன. இளைஞர் பலர் போய்விட்ட அவ்வூரில், பால்கனியில் கொடி கட்டி நின்ற மூத்தோரின் பேரன்மார் எந்தெந்த நகரங்களில் இருந்து தொலைக்காட்சியில் தம் ஊரைக் கண்டிருப்பார்களோ!

2021-ஆம் ஆண்டின் பந்தயம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அவ்வாண்டு ஜூலை 25, அதாவது சந்தியாகப்பர் திருநாள், ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எனவே அது கொம்போஸ்தெலாவின் புனித ஆண்டு. எண்ணூறாம் ஆண்டைக் கொண்டாடிய புர்கோஸ் பேராலயத்திலிருந்து பந்தயம் புறப்பட்டது. செப்டம்பர் 3-இல் மொன்போர்த்தேயை அடைந்தது. இறுதிக் கட்டம், திருத்தூதரின் உடலைத் தாங்கிய படகு கரைசேர்ந்ததாக மரபு கூறும் பத்ரோனில் தொடங்கி, சந்தியாகப்பர் பேராலயத்தின் முற்றத்தில் முடிந்தது. சந்தியாகு என்று நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இன்றும் சூட்டப்படும் பெயர், போர்த்துக்கீசியர் நாவின் வழியே வந்த அதே சாந்தியாகோதான்.

கரையின் புனிதம் எங்கே?

முடியப்பர் மடம் 2004 முதல் அரசு விடுதியாகத் திகழ்கிறது. ஒன்பது ஆயர்கள் செபித்த முற்றத்தில் பயணியர் அமர்ந்து காப்பி அருந்துகின்றனர். ஆற்றில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. திராட்சைச் சாகுபடி 1996-இல் தனி வட்டாரப் பெயருரிமை பெற்றபின் கைவிடப்பட்ட படிகள் சில மீண்டும் பசுமை கொண்டன. இவற்றைக் கண்டு வருந்துவோர் உண்டு. புனிதக் கரை கேளிக்கைக் கரையாயிற்று என்பர். அவர்களின் வருத்தத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. செபிப்பவர் இல்லாத மடம் வெறும் கல்தான். அதே வேளையில், விடுதி வந்திராவிட்டால் அந்தக் கல்லும் சரிந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். விடுதியின் கதவும் கோவிலின் கதவும் அருகருகே இருக்கின்றன. முன்னதை அரசின் பணம் காத்தது. பின்னதைக் காத்தது பணமன்று. கலீசிய நாட்டுப்புறத்தில் ஒருவரை எந்த ஊர் என்று கேட்டால் அவர் பெரும்பாலும் தம் பங்கின் பெயரையே சொல்வார். நிலவரையறையும் உறவும் துக்கமும் திருவிழாவும் பங்கைச் சுற்றியே அங்கு அமைந்தன. மடாதிபதி போனபின்னும், நிலவுடைமையாளர் மாறியபின்னும், மகன் கப்பலேறியபின்னும், அந்தப் பங்கு நின்றது. ஞாயிறுதோறும் மணியடித்த கை ஏதோ ஒரு பாட்டியுடையதாகவோ, சாணை பிடிக்கும் பயணத்திலிருந்து திரும்பிய முதியவருடையதாகவோ இருந்திருக்கும். அக்கைகளின் பெயர் எந்தச் சாசனத்திலும் இல்லை.

நம் வரலாறும் இதற்கு ஒத்ததே. மதுரை மிஷனில் குருக்கள் அரிதாய்ப்போன அந்த நீண்ட ஆண்டுகளில் செபத்தைச் சொல்லிக்கொடுத்து, மரண வேளையில் துணைநின்று, குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்து, விசுவாசத்தைக் கைமாற்றியவர்கள் உபதேசியார்களும் குடும்பத்துத் தாய்மாருமே. பெரிய பெயர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் தண்ணீர் வேறு ஓர் ஆற்றிலிருந்து வந்தது.

இன்று நம் பங்குகளிலும் இளைஞர் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர். முன்னோர் கட்டிய சிற்றாலயங்கள் சில, ஆண்டுக்கொரு திருவிழாவன்று மட்டும் கதவு திறக்கின்றன. அவற்றை யார் காப்பார் என்று நாம் ஆயரையும் பங்குக் குருவையும் பார்க்கிறோம். சில் கரையின் விடை வேறு. அங்கே கோவில் நின்றதற்குக் காரணம், அந்தக் கோவிலுக்கு அன்றாடம் வேலை இருந்தது. பாதுகாக்கப்பட வேண்டிய பழம்பொருளாக மக்கள் அதனை எண்ணவில்லை. பிறப்பிலும் இறப்பிலும் அங்கே போனார்கள்; அவ்வளவே.

அந்த மேட்டுச் சாலையில் மிதித்து ஏறுபவர் யாராயினும், அவருக்கு மேடு ஒன்றுதான். வனத்துறவிக்கும், கூடை சுமந்த குடியானவருக்கும், சாணைக்காரருக்கும், பந்தய வீரருக்கும் அது ஒரே சரிவைத்தான் காட்டியது. ஒருவர் அமைதியைத் தேடி ஏறினார். ஒருவர் பிள்ளைகளின் உணவுக்காக ஏறினார். ஒருவர் வெற்றிக்காக ஏறினார். அக்கரையைப் புனிதமாக்கியது இவர்களுள் எவருடைய வியர்வை என்று பிரித்துச் சொல்ல இறைவனால் மட்டுமே கூடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஊர்க் கோவிலின் பூட்டைத் திறந்து, தூசி துடைத்து, பாய் விரித்துவிட்டு, திருப்பலி தொடங்குமுன் கடைசி வரிசையில் போய் அமர்ந்துகொள்கிறவரை அடுத்த முறை காணும்போது, அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.